ஒற்றைக் கைச் சட்டை

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு. லிஃப்ட் கிடையாது. படியேற இங்கே யாருக்கும் பிடிக்காது. கூரியர்காரனுக்கு மட்டும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவனுக்கும் பிடிக்கவில்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கீழ்த்தளத்துத் தையல்காரம்மா.

வாசலில் நுழைந்ததும் முதல் கதவு அவருடையது. வெளிச்சம் வேண்டுமென்று மெஷினை நிலைப்படி வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கண் மங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பின்னால் ஒரே அறை. சுவரோரம் கட்டில், கட்டிலில் கணவர். லாரி ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் லோடின் மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. குளியலறைக்குக் கம்பை ஊன்றிப் போய் வருவார், அவ்வளவுதான். அதனால் அந்த வீடு பூட்டப்படுவதே இல்லை. பூட்டாத கதவு, எழுந்து போகாத மனுஷி. கூரியர்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் ஒரே ஒரு டப்பா வந்தது. நாலாம் மாடியில் ஆள் இல்லை, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள், கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். அவரும் வாங்கி வைத்தார். யார்தான் மாட்டேன் என்பார்கள்? அப்புறம் கேட்பது நின்றுவிட்டது, வைப்பது மட்டும் நடந்தது. ஒரு வருடத்தில் அவருடைய வெட்டு மேஜைக்கு அடியில் இருந்த இடம் முழுக்க எங்கள் பார்சல்கள். தள்ளுபடி வாரங்களில் கால் நீட்ட இடமிருக்காது. நாய்த் தீவனம், தலையணை, குழந்தைக்கு டயப்பர், யாருக்கோ ஒரு டம்பெல். ஒருமுறை சுருட்டிய மெத்தை ஒன்று மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மூன்று நாள் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் மெத்தையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்குச் சொந்தக்காரர் வந்து எடுத்துப்போனபோது, "பத்திரமா இருந்துச்சா?" என்று மெத்தையைத்தான் விசாரித்தார்.

மற்றவர்கள் மேல் கோபப்படப் போகிறேன், ஆகவே என் யோக்கியதையை முதலில் எழுதிவிடுகிறேன். நான் மூன்றாம் மாடி. இயந்திரங்களோடு வரும் விளக்கக் கையேடுகளை மொழிபெயர்க்கிற வேலை. நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். கூரியர்காரன் போன் செய்தால் வெளியே இருக்கிறேன், கீழே தையல் வீட்டில் கொடுத்துவிடு என்பேன். முழங்கால் வலி ஒன்றும் கிடையாது, வெறும் சோம்பல். சாயங்காலம் பால் வாங்க இறங்கும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுவேன். அதற்கு நன்றி என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் பகுதிக்கு வரும் கூரியர்காரனுக்குப் புயல் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். முதுகில் அவனைவிடப் பெரிய பை, பைக்கின் முன்னால் இன்னொரு மூட்டை. ஒரு நாளைக்கு நூறு பார்சல். ஒவ்வொன்றுக்கும் யாரிடம் கொடுத்தாய் என்று போன் கேட்கும், படம் எடுத்துப் போடச் சொல்லும். எங்கள் தெருவிலோ இரண்டு பக்கமும் உயரமான கட்டடம், கீழே நின்றால் சிக்னல் சுத்தமாக வராது; வீட்டுக்குள் எங்களுக்கு வைஃபை உண்டு. அவன் என்ன செய்வான் என்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு முன்னாலேயே பைக்கை நிறுத்தி, எங்கள் கட்டடத்துப் பட்டியல் முழுவதையும் 'கீழ்த்தளத்தில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரே மூச்சில் தட்டிவிட்டு, அப்புறம்தான் தெருவுக்குள் வருவான். எங்களுக்கெல்லாம் இது தெரியும். முதலில் போனில் டெலிவரி ஆகிவிட்டது என்று செய்தி வரும், ஐந்து நிமிடம் கழித்து பைக் சத்தம் வரும். புயலுக்கு முன்னால் வானிலை அறிக்கை வந்துவிட்டது என்று படிக்கட்டில் கிண்டல் பேசிச் சிரித்துக்கொண்டோம். நானும் சிரித்தேன்.

இரண்டாம் மாடி ஆடிட்டர் வீட்டுப் பெண்ணுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கம்பெனி ஒரு லேப்டாப்பை அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் அதைத் திறந்து உட்கார வேண்டும். புதன்கிழமை மதியம் டெலிவரி ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. கீழ்த்தளம், தையல் வீடு. சாயங்காலம் ஆடிட்டரின் மனைவி இறங்கி வந்து கேட்டார். தையல்காரம்மா மேஜைக்கு அடியிலிருந்து எல்லா டப்பாவையும் எடுத்து வெளியே வைத்தார். மேல்மாடிக்கு ஒரு குக்கர், எனக்கு ஒரு ஜோடி செருப்பு, வேறு ஏதோ இரண்டு. லேப்டாப் இல்லை.

அன்று வந்திருக்காது, நாளைக்கு வரும் என்றார் தையல்காரம்மா. வந்துவிட்டது என்று போன் சொல்கிறதே என்றார் ஆடிட்டரின் மனைவி. இந்த இரண்டே வாக்கியத்தை மாற்றி மாற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள்.

வியாழக்கிழமை ஆடிட்டரே வந்தார். அவருக்குக் குரல் உயராது. உயராத குரலில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைக்கிற ஆள். முந்தின நாள் மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். நூல் வாங்கக் கடைக்குப் போனேன், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று தையல்காரம்மா உள்ளதைச் சொன்னார்.

"நாங்க உங்களச் சொல்லலம்மா. வீட்ல வேற யாராவது வாங்கி வச்சிட்டு மறந்திருக்கலாம்ல?"

சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் அவரைத் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் சரக்கை ஏத்தி இறக்குனவன் சார் நான். ஒரு சாக்கு குறைஞ்சதில்ல. என் கையில யாரும் எதையும் குடுக்கல."

"கோபப்படாதீங்க. மாத்திரை போட்டுட்டுத் தூங்குவீங்கன்னு சொன்னாங்க. அதான் கேட்டேன்."

அன்று மதியம் புயல் வந்தபோது நானும் கீழே இருந்தேன். கால்சட்டைக்கு விளிம்பு மடிக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கப் போனேன். தையல்காரம்மா கேட்டதும் புயல் கொஞ்சமும் தயங்கவில்லை. "குடுத்தேன்க்கா. நீங்க இல்ல, அண்ணன்தான் இருந்தாரு. பாதித் தூக்கத்துல கைய நீட்டி வாங்குனாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நூறு கதவில் நூறு டப்பா நீட்டுகிறவனுக்குத் தனியாக ஒரு ஞாபகம் எங்கிருந்து வரும்? ஞாபகத்தைத்தான் போனிடம் கொடுத்துவிட்டானே. கொடுத்தாய் என்று போன் சொல்கிறது, ஆகவே கொடுத்தான். நீட்டிய கையையும் பாதித் தூக்கத்தையும் அவனே அப்புறம் சேர்த்துக்கொண்டான்.

புயல் போனதும் தையல்காரம்மா கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அம்மா எழுந்தார். அலமாரியின் பின்னால் பார்த்தார், துணி மூட்டையை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கட்டில் பக்கம் போய் மண்டியிட்டு, தொங்குகிற போர்வையை ஒரு விரலால் தூக்கி, தலையைச் சாய்த்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே இருந்தது ஒரு வாளியும் ஒரு பழைய சூட்கேஸும். சூட்கேஸை இழுத்துத் திறந்தும் பார்த்தார்.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கணவரின் கால்விரல்கள் மெதுவாக உள்ளுக்கு மடங்கின. தூங்குகிறவன் விரல் அப்படி மடங்காது. நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை. கால்சட்டையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது. கூரியர் கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல் என்னைச் சுற்றவிட்டது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மன்னிப்புக் கேட்டாள், ஒரு வாக்கியத்தில்கூட விஷயம் இல்லை. விசாரித்தாகிவிட்டது, பார்சல் ஒப்படைக்கப்பட்டது, ஆதாரப் படம் அனுப்பியிருக்கிறோம், புகார் முடித்து வைக்கப்பட்டது. விசாரித்தது யார் என்று கேட்டேன். அதற்கும் மன்னிப்புத்தான் கிடைத்தது.

அந்த ஆதாரப் படத்தை ஆடிட்டர் வெள்ளிக்கிழமை காலை கட்டடத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். தையல் வீட்டு நிலைப்படி, நிலைப்படியில் ஒரு அட்டை டப்பா, பின்னால் கதவுக் கிரில். படத்துக்குக் கீழே, 'தையல் வீட்டில் வைக்கப்பட்டதற்கான ஆதாரம். வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதியிருந்தார். வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாக எங்கள் மூட்டைகளுக்குக் காவல் காத்த மனுஷியைப் பற்றிப் பதினாறு வீடும் பத்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டது. யாரையும் நம்பக்கூடாது போல என்று ஒருத்தர் எழுதினார். நம்முடைய பழைய பார்சல்களையும் சரிபார்க்க வேண்டும் என்றார் இன்னொருத்தர். நாலாம் மாடியிலிருந்து, தைக்கக் கொடுத்த திரைச்சீலைத் துணியை வெட்டாமல் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி ஆள் வந்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மெஷினால்தான். அது எல்லாருக்கும் தெரிந்துதான் நடந்தது.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். குழுவில் என்ன ஓடுகிறது என்றே அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருக்கும்போது இறங்கிப் போய் என் போனைக் காட்டினேன். அவர் முந்தானையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவேயில்லை. விரலால் படத்தின் ஓரத்தைக் காட்டி, இதைக் கொஞ்சம் பெரிசாக்குங்கள் என்றார். கிரில்லில் ஹேங்கரில் ஒரு நீலச் சட்டை தொங்கியது.

"இந்தச் சட்டைக்கு ஒரு கைதான் இருக்கு சார்."

இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"பேங்க் காவலாளி சட்டை இது. எடுத்துட்டு வந்த துணி பத்தல. ஒரு கைய வச்சு மாட்டிட்டு, அதே நீலம் கிடைக்கிற வரைக்கும் நாலு நாள் காத்திருந்தேன். அதுக்கு மேல இது இங்க தொங்கல. குடுத்து நாலு மாசம் ஆச்சு."

நான் என் போனில் பழைய செய்திகளைத் தேடினேன். இந்த வாரச் செருப்பு, போன மாதம் மேஜை விளக்கு, அதற்கு முன்னால் இரண்டு புத்தகம், இன்னும் நாலைந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதாரப் படம். ஒவ்வொன்றிலும் அதே நிலைப்படி, அதே டப்பா, அதே சட்டை. நான்கு மாதமாக அந்தச் சட்டைக்கு இரண்டாவது கை முளைக்கவே இல்லை. புயல் ஒரே ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தெருமுனையில் நின்றபடி எல்லாப் பார்சலுக்கும் அதையே போட்டிருக்கிறான். பதினாறு வீட்டுக்கும் அது வந்திருக்கிறது. பதினாறு வீட்டில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. என் செருப்பு டப்பா இவ்வளவு பெரிசாக இருக்காதே என்று எனக்கும் தோன்றவில்லை. படத்தைப் பார்க்காதவர்கள்தான் படத்தை வைத்து ஒரு மனுஷியைத் திருடி என்று சொன்னோம்.

அம்மா மெஷினை மூடினார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். கட்டில் பக்கம் திரும்பி, கூரியர் கோடவுனுக்குப் போய் வருகிறேன், பிளாஸ்கில் டீ இருக்கிறது, முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன் என்றார். கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.  வியாழக்கிழமையிலிருந்தே அவர் பேச்சு நின்றுவிட்டது என்று பஸ்ஸில் போகும்போது அம்மா சொன்னார். ஆடிட்டர் கேட்ட கேள்விதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கால்விரல் மடங்கியதை நான் சொல்லவில்லை.

கிடங்கு தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. மழை கூரையில் அடிக்கிற சத்தத்தில் எல்லாரும் கத்திப் பேசினார்கள். உருளைப் பலகையில் டப்பாக்கள் வழுக்கிக்கொண்டு வர, இரண்டு பக்கமும் பெண்கள் நின்று ஸ்கேன் செய்து, பகுதி பகுதியாகப் பிரித்து வீசினார்கள். 'உடையும் பொருள்' என்று சிவப்பில் எழுதிய டப்பாவும் பறந்துதான் போனது. ஓரத்தில் கண்ணாடி அறை, அதில் கிளை மேலாளர். படம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றுதான் அவரும் ஆரம்பித்தார். அம்மா என் போனை வாங்கி அவர் மேஜையில் வைத்தார். என் பார்சல்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஏழாவது படத்தில் மேலாளர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

புயலைக் கூப்பிட்டார்கள். நனைந்த மழைக்கோட்டோடு வந்து படத்தைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"தெருவுக்குள்ள சிக்னல் இல்ல சார். அஞ்சு மணிக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடணும்னு நீங்கதான் கத்துறீங்க. முடிக்கலைன்னா அடுத்த நாள் லைன் இல்ல, வேலைக்கு வராதேங்கிறீங்க. நான் என்ன செய்ய? எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க."

இதெல்லாம் தனக்குப் புதுச் செய்தி என்கிற மாதிரி மேலாளர் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த நடிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அறையலாம் போல இருந்தது. அதற்குள் உருளைப் பலகைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, புதன்கிழமை லைன் பார்சலா என்று கேட்டாள். அன்றைக்குப் பை நிறைந்து நான்கு டப்பா மிச்சமாகிவிட்டது, கம்பிக் கூண்டில் போட்டு வைத்தேன், பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன், யாரும் எடுக்கவில்லை என்றாள். போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆடிட்டர் வீட்டு முகவரி கொட்டை எழுத்தில் இருந்தது. டப்பா அந்தக் கிடங்கை விட்டு வெளியே வரவேயில்லை. தேடி எடுக்க மூன்று நிமிடம் ஆனது.

மேலாளர் முகம் தெளிந்தது. டப்பாவை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"கிடைச்சிடுச்சு பாருங்க. அதே பில்டிங்தானே, நீங்களே கையோட எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

அம்மா டப்பாவைத் தொடவில்லை. 

"எத்தனை நாளைக்கு சார் நான் எடுத்துட்டுப் போறது? உங்க சம்பளத்துலயா இருக்கேன்? ஒரு வருஷமா உங்க கோடவுன் என் வீட்டுக்குள்ள இருக்கு. நான் வாங்காததை வாங்கினேன்னு எழுதினது நீங்க. என் வாசப்படியப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினது நீங்க. அவங்க வீட்டுக் கதவைத் தட்டி, அவங்க கையில குடுத்து, இது கோடவுன்லயே கிடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். நான் பின்னாடியே நிப்பேன்."

நின்றார். புயல் முதல்முறையாக எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறினான். மேலாளர் வரவில்லை, அவருக்கு மீட்டிங். புயல்தான் கதவைத் தட்டி, டப்பாவை நீட்டி, கோடவுனில் கிடந்தது, தப்பு எங்களுடையது என்று சொன்னான். படிக்கட்டில் நின்று அம்மா அதைக் கேட்டார். ஆடிட்டரின் மனைவி டப்பாவின் நாலு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயோ, கிடைச்சிடுச்சா, நல்லதாப் போச்சு" என்றார். அம்மா பக்கம் திரும்பி, எல்லாம் இந்தக் கம்பெனிக்காரர்களால் வந்தது என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை அவருக்கு ஒரு மிக்ஸி வருகிறதாம், மகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாளாம், பகலில் கதவு திறக்க ஆள் இருக்காதாம், வாங்கி வைத்துவிட வேண்டுமாம்.

குழுவில் ஆடிட்டர், 'பார்சல் கிடைத்துவிட்டது. நன்றி' என்று போட்டுக் கைகூப்புகிற பொம்மை ஒன்றும் போட்டார். ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். குற்றம் சொன்ன செய்தியில் தையல் வீடு என்று இருந்தது. இந்தச் செய்தியில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நீளமாக ஒன்று எழுதினேன், சட்டை, கை, படம் எல்லாவற்றையும் சேர்த்து. அதற்கு யாரும் கட்டைவிரல் காட்டவில்லை.

அம்மா கீழே இறங்கிப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். நான் வாசலில் நின்றேன். போயிருக்க வேண்டும், போகவில்லை. டீ பிளாஸ்கிலேயே இருந்தது. முட்டை மூடி போட்டபடியே இருந்தது.

"கோடவுன்லயே கிடந்திருக்கு. இனிமே யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

கணவர் சுவரைப் பார்த்தே பேசினார்.

"ஊரு கேட்டுச்சு. அது ஊரு, கேக்கட்டும். நீ குனிஞ்சு பாத்தியே."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முழிச்சுட்டா இருந்தீங்க?"

"பெட்டியைத் திறந்தும் பாத்த. அதுல என் டிரைவர் சட்டை ரெண்டு இருக்கு, வேற என்ன இருக்கும்னு நெனச்ச?"

  இருபத்தைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்த மனுஷனின் கட்டிலுக்கு அடியில் அம்மா குனிந்து பார்க்கிற அளவுக்கு எங்கள் டப்பாக்கள் அந்த வீட்டுக்குள் போயிருந்தன. கம்பெனி இதற்கு எந்த எண்ணை அழுத்தச் சொல்லும்? அந்தச் சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என் போனில் செய்தி வந்தது. எனக்கு வர வேண்டிய அகராதி கீழ்த்தளத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. கூடவே ஆதாரப் படம். நிலைப்படி, டப்பா, ஒற்றைக் கைச் சட்டை. இத்தனைக்குப் பிறகும் அதே படம். போனைத் தூக்கிக்கொண்டு படபடவென்று இறங்கினேன். நான் கீழே போய்ச் சேர்ந்தபோதுதான் பைக் வந்து நின்றது.

அம்மா கதவைத் திறந்து வைத்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வெளித்தெருக்காரர் யாரோ கொடுத்த துணி. புயல் ஏழு டப்பாவை நிலைப்படியில் அடுக்கினான். மேலே இருந்தது மிக்ஸி. அம்மா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ தம்பி."

"அக்கா, இன்னைக்கு நூத்திப்பத்து இருக்குக்கா. நாலு மாடியும் ஏறினா நான் முடிக்கவே முடியாது."

"உன்மேல எனக்குக் கோபமில்ல. ஆனா எடுத்துட்டுப் போ."

"எல்லாம் உங்ககிட்ட குடுத்ததாப் போட்டுட்டேனேக்கா. இப்ப மாத்தணும்னா என்ன காரணம்னு கேக்கும்."

"வீட்ல ஆள் இல்லைன்னு போடு."

புயல் விழித்தான். "இதோ உக்காந்திருக்கீங்களேக்கா."

"ஆள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அப்படிச் சொல்லித்தானே இங்க வைக்கிற? எனக்கும் போடு."

வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று ஒரு வருடமாகப் போனில் சொன்னவன் நான். தலையைக் குனிந்து என் அகராதியை எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாடி டப்பா இன்னும் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். புயல் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றான். அப்போது உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கணவர் சுவர்ப்பக்கமிருந்து திரும்பி, கம்பை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏய், அவன்கிட்ட சரியாச் சொல்லு. ரெண்டு பேரும் இல்லைன்னு போடச் சொல்லு."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தையலை ஓட்டினார். புயல் மிக்ஸியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான்.